சவர்க்காரம் போடாத சட்டை

எட்டு மாதம் கழித்து நான் நெடுந்தீவுக்குத் திரும்பி வந்த அன்று, என் வீட்டு மாட்டுக்கொட்டிலில் என்னையே கண்டேன். பின்னேரப் படகில் வந்து இறங்கி, ஓட்டோவில் வீட்டு வாசலுக்கு வந்திருந்தோம். கணவர் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் படலையைத் திறந்தேன். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட என் பழைய சட்டை, முதுகில் நிறம் போய், வலது தோளில் நான் போட்ட ஒட்டுடன், மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது. பிறகு சட்டைக்காரி திரும்பிப் பார்த்தாள். மச்சாள்.

நியாயப்படி எனக்கு நன்றிதான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பால் செம்பை இடுப்பில் அணைத்தபடி அவள் என்னை நோக்கி ஓடி வந்தபோது, நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையின் முன்பக்கத்தைத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. எனக்கு இடது பக்கம் இனி ஒருநாளும் அப்படி நிறையாது. அவளோ அதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் ஓடி வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை என்ற சொல்லைத் தவிர அதற்கு வேறு பெயர் தேடி நான் என்னை ஏமாற்றப் போவதில்லை.

அவள் என் கணவரின் தங்கை. கல்யாணம் செய்யவில்லை. புங்குடுதீவில் தாய் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்து, ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுத்துச் சீவித்தவள். என் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்த கிழமையே தையல் மெசினை மூடிவிட்டு, ஒரேயொரு பையோடு வந்து சேர்ந்தாள். நான் யாழ்ப்பாணத்தில் என் தம்பி வீட்டில் தங்கி, சத்திரசிகிச்சை, பிறகு மருந்து ஏற்றுவது, பிறகு கதிர் பிடிப்பது என்று அலைந்த காலமெல்லாம் என் வீட்டை அவள்தான் பார்த்தாள். என் ஒன்பது வயது மகளையும், கணவரையும், மாட்டையும்.

மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தாய் செத்த கன்றாக எங்களிடம் வந்தது. போத்தலில் பால் பருக்கி நான்தான் வளர்த்தேன். பெரிதாகிக் கன்று போட்ட பிறகும் என்னைத் தவிர ஒருவரையும் கிட்ட விடாது. அதன் கன்று வளர்ந்து பால் மறந்து தனியே மேயப் போன பிறகும், என் மணத்துக்கு மட்டும் பாலை இறக்கியது. கணவர் கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாதவர், இந்த மாட்டின் பின்னங்காலுக்கு அஞ்சுவார்.

எங்கள் வீடுகளில் கறக்கிறவளுக்கென்று ஒரு சட்டை இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் கொட்டிலுக்குள் போவது. அதைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காயப்போடுவோமே தவிரச் சவர்க்காரம் காட்ட மாட்டோம். மாட்டுக்கு ஆளைத் தெரிவதே அந்த மணத்தில்தான். மச்சாள் கறக்கப் போன முதல் மூன்று நாளும் மாடு அவளுக்கு ஒரு சொட்டும் விடவில்லையாம். நாலாம் நாள் ஆணியில் தொங்கிய என் நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். மாடு நாவால் அவளுடைய கையை நக்கிவிட்டுப் பாலை இறக்கியிருக்கிறது. இதைக் கணவர் பிறகொருநாள் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அப்போது எனக்கு இரண்டாம் முறை மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, இவ்வளவு சுலபமாக நானாகிவிடலாமா என்று நினைத்து அழுதேன். பக்கத்துக் கட்டில் அக்கா மருந்தின் வேதனை என்று நினைத்து நேர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் விருந்தாளியானேன். “நீங்கள் இருங்கோ மச்சாள்.” இதுதான் அவளுடைய மந்திரம். வீடு கூட்டத் தும்புத்தடியை எடுத்தால், “நீங்கள் இருங்கோ.” தேங்காய் திருவப் போனால், “நீங்கள் இருங்கோ.” நானும் கதிரையில் இருந்து இருந்து, அந்தக் கதிரையின் பின்னலை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

குசினியில் அவள் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தாள். மேல் தட்டில் இருந்த மிளகாய்த்தூள், உப்பு, தேயிலை எல்லாம் கீழ்த் தட்டுக்கு வந்திருந்தன. என் இடது கை தோளுக்கு மேலே எழும்பாது என்று கேள்விப்பட்டு, நான் வருவதற்கு முதல்நாள் அவள் செய்த வேலை. எனக்காகத்தான் செய்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இரட்டிப்பாக வந்தது. ஒருநாள் அவள் பரணில் இருந்த கடகத்தை ஒரு கையால் எட்டி எடுத்தாள். இடையில் என்னிடம் எதையோ கேட்டு, என் பதிலுக்குக் காத்து, கையை மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நானோ தினமும் காலையில் சுவரில் விரலை நண்டு மாதிரி ஊரவிட்டு, எட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கிழமைக்கு ஒரு விரல் உயரம் ஏறினால் அது எனக்குத் திருவிழா.

மகளின் தலைமுடியைச் சொல்லவே வேண்டாம். எனக்கு முடி கொட்டி, அப்போதுதான் கோழிக்குஞ்சின் உடம்பு போல முளைத்திருந்தது. மச்சாளுக்கோ இடுப்புவரை கூந்தல். காலையில் மகள் சீப்பையும் ரிபனையும் எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து அவளிடம் போவாள். அவள் பின்னும் இரட்டைப் பின்னல் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை குலையாது. நான் பின்னினால் பத்து மணிக்கே குலைந்துவிடும். அது நோய்க்கு முதலும் அப்படித்தான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கணவர் ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, “இண்டைக்குக் கணவாய்க் கறி திறம்” என்றார். பதினாறு வருடத்தில் என் கறிக்கு அவர் தலையாட்டியதுதான் உண்டு, வாய் திறந்ததில்லை. அன்றைக்குப் பார்க்க வந்த பெண்களும் விடவில்லை. “இப்பிடியொரு மச்சாள் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்க வேணும்” என்றார்கள். ஓம் ஓம் என்றேன். அவர்கள் போன பிறகு குசினிக்குள் போய் மிளகாய்த்தூளையும் உப்பையும் மேல் தட்டில் தூக்கி வைத்தேன். வலது கையால்தான். அடுத்த நாள் வலது கை அகப்பையில் இருக்க, இடது கைக்கு அவை எட்டவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது.

எல்லாம் போகட்டும், மாட்டையாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். மாடு என் கைக்கு வந்துவிட்டால் வீடும் வந்துவிடும் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. கிளினிக்கில் கறக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம், இடது கையில் கீறல் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உதை வாங்கக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் மச்சாள். கை வீங்கினால் பேந்து என்ன செய்யிறது?” என்றாள் அவள்.

“என்ர மாட்டைக் கறக்க எனக்கு உம்மட்டைக் கேக்க வேணுமோ?”

அவள் நீலச் சட்டையை ஆணியில் கொழுவிவிட்டு மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போனாள். அவள் திருப்பிக் கதைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, புங்குடுதீவில் அவளுடைய வீட்டுக் கூரையில் ஓடு விழுந்துவிட்டதென்று செய்தி வந்தது. காலையில் மாட்டைக் கறந்துவிட்டு முதல் படகில் போனாள். பின்னேரம் கடைசிப் படகில் வந்துவிடுவேன் என்றாள். அவள் வேலிக்கு அப்பால் மறைந்ததும் நான் ஆணியில் இருந்து சட்டையை எடுத்தேன். போட்டுப் பார்க்கத்தான் எடுத்தேன். முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனதும் அவளுடைய தேங்காயெண்ணெய் மணந்தது, அவளுடைய வியர்வை மணந்தது. என் சட்டை முழுக்க அவள் இருந்தாள்.

வாளியில் தண்ணீர் நிரப்பினேன். சவர்க்காரத் தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் துப்புரவாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், மாட்டுக்கொட்டில் சட்டையில் கிருமி இருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். சத்தியமாக, கறக்கிற சட்டைக்குச் சவர்க்காரம் ஆகாது என்பது எனக்கு மறக்கவில்லை. அவளைக் கழுவி ஊற்றினால் போதும், மாடு என் குரலிலேயே என்னைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டு தண்ணீர் மாற்றி, வலது கையால் கும்மினேன். கொடியில் போட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. நெடுந்தீவு வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது.

மகள் பள்ளிக்கூடத்தால் வந்தாள். புத்தகப்பையைக் கூடக் கழற்றாமல் கொடிப்பக்கம் போனாள். சட்டையை இழுத்து முகத்தை அதற்குள் புதைத்தாள். அவள் அப்படிச் செய்வதை நான் கண்டது அன்றுதான் முதல்தடவை. உடனே முகத்தை எடுத்தாள்.

“ஆர் இதைத் தோய்ச்சது?”

“நான்தான். ஏன்?”

“அம்மான்ர மணம் போயிட்டுது.” அழத் தொடங்கிவிட்டாள். “மாமி இதுக்குச் சோப்புப் போடவே மாட்டா. நீங்கள் ஆஸ்பத்திரியில நிண்ட முழு நாளும் நான் பள்ளிக்கூடத்தால வந்து இதைத்தான் மணக்கிறனான்.”

“நான்தான் இப்ப இஞ்ச நிக்கிறன் எல்லோ?”

“உங்களில இப்ப மருந்து மணம்” என்றாள்.

நான் கதிரையில் போய் இருந்தேன். என் மூக்குக்கு மச்சாள் மட்டும்தான் மணந்தாள். அவளுக்கு அடியில் எட்டு மாதமாக நானும் இருந்திருக்கிறேன். அவள் என்னைக் கழுவாமல் வைத்திருந்தாள். நான் என்னையே தோய்த்து முற்றத்தில் ஊற்றிவிட்டேன்.

நாலு மணிக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். மாடு மூக்கை நீட்டியது. தும்மியது. கட்டுக்கயிறு இழுபடும்வரை விலகிப் போனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கழுத்தைத் தடவினேன், கெஞ்சினேன். அது என்னைப் பார்த்த பார்வை, படகுத்துறையில் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. ஒரு சொட்டும் இல்லை. சட்டையை முன்போலவே ஆணியில் கொழுவினேன். கடைசிப் படகில் வந்த மச்சாளிடம், “மாடு இண்டைக்கு இறக்கேல்லை, மேய்ச்சல் காணாது போல” என்றேன். மகளை முந்தியே கண்ணால் அடக்கி வைத்திருந்தேன். இந்த வயதில் இப்படியொரு பொய்யும் களவும்.

விடிந்ததும் கணவர் கடலுக்குப் போய்விட்டார். மச்சாள் தன்னுடைய மண்ணிறச் சட்டையைக் கழற்றிக் குசினிக் கதவில் போட்டுவிட்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போனாள். நான் குசினிக்குள் நின்றபடி, அவளுக்கும் மாடு விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் வேண்டினேன். வேண்டி முடியவில்லை, செம்பு உருளும் சத்தமும் அவளுடைய சத்தமும் கேட்டது.

ஓடிப் போனேன். உதை வலது மணிக்கட்டில் விழுந்திருந்தது. அவள் நிலத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

“எனக்கு ஒண்டுமில்லை. மாட்டைப் பாருங்கோ” என்றாள். “நேற்று விடிய கறந்ததுக்குப் பிறகு பால் எடுக்கேல்லை. மடி இறுகிப் போச்சு.”

பக்கவாட்டில் நின்று, காலுக்கு எட்டாமல் கையை நீட்டி மடியைத் தொட்டேன். சூடாக இருந்தது. ஒரு காம்புக்கு மேலே கல்லுக் கல்லாக இருந்தது. என் விரல்கள் உடனே பின்வாங்கின. போன வருடம் கிணற்றடியில் குளிக்கும்போது இதே விரல்கள் என் உடம்பில் இதே மாதிரி ஓர் இறுக்கத்தைத் தொட்டன. மாட்டுக்கு வந்தது பால் கட்டு, அது வேறு என்று எனக்குத் தெரியும். விரலுக்கு அதெல்லாம் தெரியாது. இந்த வாயில்லாச் சீவனுக்கு நான் செய்த வேலை இது.

“நான் சட்டையைத் தோய்ச்சுப் போட்டன்” என்றேன். “சோப்புப் போட்டு. வேணுமெண்டுதான் செய்தனான்.”

“தெரியும்.”

“என்னெண்டு தெரியும்?”

“போடேக்கையே மணந்தது.”

“பேந்து ஏன் போட்டனீர்? உதைக்கும் எண்டு தெரியாதே?”

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “போடாமல் விட்டால், நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு உங்களுக்கு வெக்கமாப் போயிடும். ஏற்கெனவே நான் நிக்கிறது உங்களுக்குக் கரைச்சல் எண்டு தெரியும் மச்சாள். கை சரியாகட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடக்கவில்லை. இதிலும் என்னைவிட நல்லவளாக நிற்கிறாளே என்றுதான் எனக்கு எரிந்தது. ஆனால் மாடு காத்திருந்தது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து அதன் மடியில் ஒற்றினேன், எட்ட நின்றபடி. அது மறுபடி கால் தூக்கியது. மச்சாளின் கை இன்னும் பல நாளைக்கு உதவாது. வேறு ஆள் இல்லை.

குசினிக் கதவில் கிடந்த மண்ணிறச் சட்டை என் கண்ணில் பட்டது.

“உம்மட சட்டையை நான் போடட்டே?”

“ஐயோ, அது தோய்க்கேல்லை. வேர்வை நாத்தம்.”

“அதுதான் வேணும்” என்றேன்.

போட்டுக்கொண்டேன். தேங்காயெண்ணெய், அடுப்புப் புகை, பழைய பால். முதல்நாள் எதைக் கழுவி ஊற்றினேனோ அதற்குள்ளேயே தலையைக் கொடுத்து நுழைந்தேன். அவளுக்கு அளவாகத் தைத்த சட்டை. வலது பக்கம் சரியாக இருந்தது. இடது பக்கத்துத் துணி ஆளில்லாமல் தொங்கியது. கொட்டிலுக்குள் போய் மாட்டின் முகத்துக்கு நேரே நின்றேன். அது கையை மணந்தது, கழுத்தை மணந்தது. பிறகு மூக்கை இடது பக்கம் கொண்டு வந்து, அந்தத் தொங்கல் துணியில் நீளமாக மூச்சு விட்டது. நான் அசையவில்லை. அது என் கையை நக்கியது.

குந்தினேன். முதல் பாலை நிலத்தில் விட்டேன். வலது கைதான் வேலை செய்தது. இடது கை நாலு இழுப்புக்கு ஒரு இழுப்பு ஒத்துழைத்தது. செம்பில் பால் விழும் சத்தம் கேட்டதும் எனக்குத் தாங்க முடியவில்லை. நான் கேட்ட மாடு என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவளென்று நினைத்துத்தான் வந்தது. நான் பெற்றுப் போடாத குறையாக வளர்த்த மாடு, என்னிடம் அவளைத் தேடி வந்தது. மடி இளகும்வரை அழுதுகொண்டே கறந்தேன். மச்சாள் கொட்டில் வாசலில் ஈரத்துணி சுற்றிய கையோடு இருந்து, “மெல்ல மச்சாள், மெல்ல” என்றாள். ஒருதடவையும் “நீங்கள் இருங்கோ” என்று சொல்லவில்லை.

அவளுடைய கை சரியாகும்வரை நான்தான் கறந்தேன். நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். அந்தக் கூந்தலைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்தது. பின்னலும் பத்து மணிக்குக் குலைந்தது. அவள் அப்படியே குலைந்த பின்னலோடு திரிந்தாள். மூன்றாம் கிழமை காலைப் படகில் புங்குடுதீவுக்குப் போனாள். போகும்போது மண்ணிறச் சட்டையை ஆணியில் விட்டுவிட்டு, தோய்த்த நீலச் சட்டையைத் தான் எடுத்துக்கொண்டாள். அது அவளுக்கு வடிவாகத்தான் இருக்கும்.

இப்போது நாலு மாதம் ஆகிறது. சுவரில் கரிக்கோடு என் தலையைத் தாண்டிவிட்டது. உப்பும் மிளகாய்த்தூளும் கீழ்த் தட்டிலேயே இருக்கின்றன. காலையும் பின்னேரமும் மச்சாளின் சட்டையைப் போட்டுக்கொண்டு, மச்சாளாக மாட்டிடம் போகிறேன். அந்தச் சட்டைக்கு நான் சவர்க்காரம் போடுவதில்லை.

போன கிழமை மகள் கொடிப்பக்கம் நின்று அதை மணந்து பார்த்தாள்.

“மாமின்ர மணம் போகப் போகுது அம்மா.”

“அப்ப ஆற்ற மணம் வருது?”

“உங்கட.”

இதற்காகத்தானே இவ்வளவு நாளும் எரிந்தேன். சந்தோசப்படத்தான் பார்த்தேன். சட்டையை வாங்கி நானும் மணந்தேன். அவளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. உள்ளே போய்ப் போனை எடுத்து மச்சாளைக் கூப்பிட்டேன். மாடு கொஞ்சம் முரண்டு பிடிக்குது, இரண்டு நாளைக்கு வந்து இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போம் என்றேன்.

மாடு ஒரு முரண்டும் பிடிக்கவில்லை.